அராக்கிஸில் மழை

திருச்சி

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானுக்கு முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்திருக்கிறார். இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். ‘ட்யூன்’ இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு நடுராத்திரியில் நீ வாட்ஸப்பில் கொட்டித் தீர்த்ததைக் காலையில்தான் பார்த்தேன். ஒன்றிரண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை. அங்கே எழுதினால் நான் ஒரு வரி முடிப்பதற்குள் நீ மூன்று வரி எதிர்த்துப் பேசுவாய். கடிதம் என்றால் முழுசாகப் படித்த பிறகுதான் சண்டைக்கு வர முடியும்.

உன் குற்றப்பத்திரிகை இதுதானே: கதாநாயகன் பாலின் காதலி சானி கடைசிக் காட்சியில் அவனை உதறிவிட்டு மணற்புழுவை வரவழைத்து ஏறிப் போகத் தயாராகிறாள், நாவலில் அவள் அப்படிப்பட்டவளே இல்லை. பாலின் தங்கை ஆலியா பிறக்கவே இல்லை, அம்மா வயிற்றுக்குள் இருந்தபடியே பேசிக்கொண்டிருக்கிறாள். வில்லன் பாரன் ஹார்கோனனைக் கொல்ல வேண்டியவள் அவள்தான். பாலுக்கும் சானிக்கும் பிறந்து, எதிரிகள் கையில் சாகும் அந்தக் குழந்தை இல்லை. துஃபிர் ஹவாட் என்ற ஆளே காணோம். பல வருஷக் கதையைச் சில மாதத்தில் சுருட்டிவிட்டார்கள். ‘புத்தகத்தை முழுங்கிவிட்டு மணலை மட்டும் துப்பியிருக்கிறார்கள்’ என்று முடித்திருந்தாய். அந்த வரியை அத்தானுக்கும் படித்துக் காட்டினேன், சிரித்தார். ஆனால் நியாயமா என்று கேட்டால் பாதிதான் நியாயம் என்பேன்.

நாவலை நெஞ்சில் சுமந்துகொண்டு தியேட்டருக்குப் போகிறவனுக்கு வரும் கோபத்தில் முக்கால்வாசி கணக்குப்பிள்ளைக் கோபம். அந்தக் காட்சி எங்கே, இந்தப் பாத்திரம் எங்கே என்று பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே பார்ப்பது. அது ஆறிவிடும். இயக்குநர் வில்நெவ்வின் இரண்டு பாகங்களும் சேர்ந்து ஐந்து மணி இருபது நிமிஷம் ஓடுகின்றன. அதற்குள் நாவலாசிரியர் ஹெர்பர்ட்டின் அத்தனை பேரையும் அடைக்க முடியாது. மீதிக் கால்வாசிக் கோபம் வேறு ஜாதி. அது ஆறாது, ஆறவும் கூடாது. அந்தக் கோபத்தை நீ 2024 படத்தின் மேல் காட்டுகிறாய். காட்ட வேண்டியது 1984 படத்தின் மேல்.

டேவிட் லிஞ்ச் எடுத்த ‘ட்யூனை’ நீ பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். முழு நாவலையும் 137 நிமிஷத்தில் முடித்தார்கள். அமெரிக்காவில் படம் வெளியானபோது தியேட்டருக்கு வந்தவர்கள் கையில் கலைச்சொல் பட்டியல் அச்சடித்த தாளைக் கொடுத்தார்களாம். டிக்கெட்டோடு அகராதி! ஹெர்பர்ட்டின் பாத்திரங்கள் வாயால் ஒன்று பேசி, மனசுக்குள் வேறொன்று நினைப்பார்கள் அல்லவா, சாய்வெழுத்தில் வருமே, அதையெல்லாம் லிஞ்ச் கிசுகிசுக் குரலில் ஒலிக்க வைத்தார். முகத்தைப் பார்த்தபடி எல்லோரும் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. புத்தகத்துக்கு உண்மையாக இருக்க மனுஷன் படாத பாடு பட்டிருக்கிறார் என்று எனக்கு ஒரு பாசமே உண்டு. வெட்டிக் குறைத்தது அவர் கையில் இல்லை. பிறகு டிவிக்காக நீட்டி ஒட்டிய பதிப்பில் தன் பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஆனால் கடைசிக் காட்சியில் மழை பெய்கிறது.

பால் ஜெயிக்கிறான், வானம் இருள்கிறது, அராக்கிஸ் கிரகத்தின் மேல் மழை கொட்டுகிறது, அங்கே வாழும் ஃப்ரெமென் ஜனங்கள் முகத்தைத் தூக்கி நனைகிறார்கள். நாவல் படிக்காதவனுக்கு அழகான முடிவு. படித்தவனுக்கு? அந்தக் கிரகத்தில் தண்ணீர் என்பது மணற்புழுவுக்கு விஷம். புழுவின் குஞ்சுப் பருவமான மணல்மீன்கள்தான் மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தையெல்லாம் வளைத்துச் சிறைப்பிடித்து வைக்கின்றன. அதனால்தான் அது பாலைவனம். ஸ்பைஸ் என்ற அபூர்வப் பொருள் உருவாவது அந்த உயிர்ச்சுழற்சியில். குட்டிப் புழுவைத் தண்ணீரில் மூழ்கடித்துத்தான் ஃப்ரெமென் தங்கள் புனித நீரையே எடுக்கிறார்கள். மழை பெய்தால் புழு சாகும், புழு செத்தால் ஸ்பைஸ் கிடையாது, ஸ்பைஸ் இல்லையென்றால் கிரகம் விட்டுக் கிரகம் கப்பல் ஓட்ட ஆள் கிடையாது. பேரரசனையே மண்டியிட வைக்கும் பாலின் பிடி முழுக்க அந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. ஸ்பைஸை அழித்துவிடுவேன் என்று மிரட்டித்தானே ஜெயிக்கிறான்! ஜெயித்த அதே நிமிஷத்தில் மழையை வரவழைத்தால் தன் கஜானாவைத் தானே கொளுத்தினான் என்று அர்த்தம். ஃப்ரெமென் கனவு காணும் பசுமைகூட மந்திரத்தில் வருவதில்லை. புல்லும் பனிப்பொறியும் வைத்து, பேரன் பேத்தி காலத்தையும் தாண்டிப் போகும் கணக்கு அது.

ஹெர்பர்ட் இதைச் சும்மா கற்பனையில் பிடிக்கவில்லை. 1950களின் கடைசியில், ஒரிகன் மாநிலக் கடற்கரையில் ஃப்ளாரன்ஸ் என்ற ஊர்ப் பக்கம், நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்த அமெரிக்க விவசாயத் துறை முயன்றுகொண்டிருந்தது. பத்திரிகைக் கட்டுரை எழுதலாம் என்று பார்க்கப் போனார். கட்டுரை அச்சேறவில்லை, சேர்த்த விஷயமெல்லாம் 1965இல் நாவலாக வந்தது. மணலும் ஈரமும் புல்வேரும்தான் அந்தப் புத்தகத்தின் முதல் விதை. அதன் மேல் ஒரு தெய்வீக மழையைக் கொட்டினால் படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? ஹெர்பர்ட் அந்தப் படத்தைப் பெரும்பாலும் பாராட்டியே பேசினார். ஆனால் இந்த இடத்தில் அவருக்கும் நெருடியது. பால் தெய்வ வேஷம் போட்ட மனுஷன், மழை வரவழைக்கும் தெய்வம் இல்லை என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது சானிக்கு வருகிறேன். தலைவன் என்று ஒருவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே என்று எச்சரிக்கத்தான் எழுதினேன் என்று ஹெர்பர்ட் பல இடங்களில் சொன்னார். ஆனால் வாசகர்கள் பாலின் மேல் காதலாகிவிட்டார்கள். நீயும்தான், கல்லூரியில் படிக்கும்போது அவன் பெயரை நோட்டுப் புத்தக அட்டையில் எழுதி வைத்திருந்தவன் நீ. 1969இல் வந்த ‘ட்யூன் மெசையா’வில் அந்தத் தலைவன் பெயரால் எத்தனை கோடி உயிர் போனது என்று வெளிப்படையாகவே எழுத வேண்டி வந்தது. முதல் நாவலில் அந்த எச்சரிக்கை பாலின் தலைக்குள், அவன் காணும் தீர்க்கதரிசனக் கனவுகளுக்குள் மறைந்து கிடக்கிறது. கேமரா தலைக்குள் போகாது. வில்நெவ் அந்தச் சந்தேகத்தை எடுத்துச் சானியின் முகத்தில் வைத்தார். ஊரே காலில் விழும்போது விழாமல் நிற்கும் ஒரே ஆள் அவள். நாவலின் சானியை அவர் மாற்றினார் என்பது உண்மை. ஹெர்பர்ட் கேட்ட கேள்வியைக் காப்பாற்றுவதற்காக மாற்றினார். லிஞ்ச் நாவலின் வரிகளைப் பெரும்பாலும் மாற்றாமல் வைத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டார். எனக்கு வில்நெவ் செய்ததுதான் விசுவாசம்.

அதற்காக அவருக்கு முழு மார்க் போட மாட்டேன். முதல் பாகத்தில் அந்த விருந்து அத்தியாயத்தைத் தொடவே இல்லை. ஞாபகம் இருக்கிறதா? அராக்கீனில் பாலின் அப்பா டியூக் லீட்டோ ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு விருந்து வைக்கிறான். கை அலம்பும் தண்ணீரைத் தரையில் சிந்தி, துண்டை வீசி எறிவது அந்த ஊர்ப் பணக்காரப் பழக்கம். அந்தத் துண்டைப் பிழிந்த ஈரம் வாசலில் நிற்கும் பிச்சைக்காரர்களுக்கு. லீட்டோ அதை நிறுத்துகிறான். தண்ணீர் வியாபாரியின் முகம் மாறுகிறது. கில்டு வங்கிக்காரன் ஒரு வார்த்தை விடுகிறான், பாலின் அம்மா ஜெசிக்கா அவன் குரலின் ஓரத்தை வைத்தே ஆள் யார் பக்கம் என்று கண்டுபிடிக்கிறாள். பதினைந்து வயசுப் பையன் பால் ஒரு கதை சொல்லி மேசையையே அடக்குகிறான். யாரும் கத்தி எடுக்கவில்லை, ஆனாலும் அந்தப் புத்தகத்தில் அதைவிடப் பெரிய சண்டைக் காட்சி கிடையாது. படத்தில் அது இல்லாதது எனக்கு இன்னும் உறுத்துகிறது. விஞ்ஞானக் கதை வாசகன் அடிமையாவது இந்த மாதிரி இடங்களுக்குத்தான். விண்கலம், புழு, வெடிப்பு எல்லாம் சினிமா நம்மைவிட நன்றாகவே காட்டும். ஒரு மனசு அடியடியாக யோசித்து ஒரு முடிவுக்கு வரும் சுகத்தைக் காட்டுவதுதான் அதற்குக் கஷ்டம்.

ஐசக் அசிமோவின் ‘ஐ, ரோபோ’வுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 1950இல் வந்த அந்தத் தொகுப்பில் ‘ரன்அரவுண்ட்’ என்று ஒரு கதை. புதன் கிரகத்தில் செலினியம் எடுத்து வரச் சொல்லி ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். கட்டளையைச் சாதாரணமாகச் சொன்னதால் ‘மனிதன் சொன்னபடி கேள்’ என்ற இரண்டாம் விதி கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது. விலை உயர்ந்த ரோபோ என்பதால் ‘உன்னைக் காத்துக்கொள்’ என்ற மூன்றாம் விதியைக் கொஞ்சம் அழுத்தமாக வைத்திருக்கிறார்கள். செலினியம் குட்டையின் பக்கத்தில் ஆபத்து. நெருங்கினால் மூன்றாம் விதி வெளியே தள்ளுகிறது, விலகினால் இரண்டாம் விதி உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் குட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது ஸ்பீடி, குடித்தவன் மாதிரி உளறிக்கொண்டு. கடைசியில் அங்கே வேலைக்கு வந்திருக்கும் பவல் தானே வெயிலுக்குள் நடந்துபோய்த் தன் உயிரைப் பணயம் வைத்து, ‘மனிதனுக்குத் தீங்கு வர விடாதே’ என்ற முதல் விதியைத் தட்டி எழுப்புகிறான். மொத்தக் கதையும் இதுதான். வில்லன் இல்லை, துப்பாக்கி இல்லை. படித்து முடித்தபோது நீ கைதட்டினாய்.

படைத்தவனையே இயந்திரம் அழிக்கும் கதைகள் அலுத்துப்போய்த்தான் ரோபோக் கதை எழுதப் புகுந்ததாக அசிமோவ் சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்துக்கு ஃப்ராங்கன்ஸ்டைன் சிக்கல் என்று பெயரும் வைத்தார். அவர் 1992இல் காலமானார். 2004இல் அவர் தலைப்பை ஒட்டிக்கொண்டு வந்த படத்தில், சிகாகோ தெருக்களில் ஆயிரக்கணக்கான ரோபோக்கள் நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிய மனிதர்களை அடக்க அணிவகுக்கின்றன. எதை எதிர்த்து ஒரு ஆள் வாழ்நாள் முழுக்க எழுதினாரோ, அதையே அவர் பெயரில்! நடந்தது என்னவென்றால், ஜெஃப் வின்டார் ‘ஹார்ட்வயர்டு’ என்று தனியாக எழுதிய திரைக்கதை அது. பின்னால் அசிமோவின் தலைப்பையும் மூன்று விதிகளையும் அவர் பாத்திரமான சூசன் கால்வினையும் அதற்குள் கொண்டுவந்து வைத்தார்கள். டைட்டிலிலும் ‘அசிமோவின் புத்தகம் தந்த யோசனை’ என்கிற அளவில்தான் போட்டார்கள். அந்த மட்டுக்கும் யோக்கியம். எழுபதுகளில் ஹார்லன் எலிசன் அசிமோவின் கதைகளை வைத்தே ஒரு திரைக்கதை எழுதினார். அது படமாகாமல் 1994இல் புத்தகமாகத்தான் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஐ, ரோபோ’ என்ற தலைப்பே அசிமோவுடையது இல்லை. ஈண்டோ பைண்டர் 1939இல் எழுதிய ஒரு சிறுகதையின் தலைப்பு அது. அசிமோவ் வேண்டாம் என்றும் பதிப்பாளர் அதைத்தான் வைத்தார்.

எரிச்சல் என்னவென்றால், அசிமோவ் வாசனை அடிக்கும் இடம் அந்தப் படத்திலும் ஒன்று இருக்கிறது. விபத்தில் இரண்டு கார்கள் ஆற்றுக்குள் மூழ்குகின்றன. ரோபோ ஒன்று குதித்துப் போலீஸ்காரனைக் காப்பாற்றுகிறது, சின்னப் பெண்ணை விட்டுவிடுகிறது. அவன் பிழைக்க வாய்ப்பு 45 சதவீதம், அவளுக்கு 11. கணக்கு சரி. மனுஷன் எவனும் அப்படிக் கணக்குப் போட மாட்டான். அந்த ஒரு காட்சியை வைத்து முழுப் படமும் எடுத்திருக்கலாம். எடுத்தது வேறு, கதாநாயகன் வில் ஸ்மித்தின் பழைய மாடல் ஷூவுக்குக்கூட வசனம் இருக்கிறது. அசிமோவ் தொகுப்பின் கடைசிக் கதையிலும் இயந்திரங்கள்தான் உலகத்தை நடத்துகின்றன. சத்தமே இல்லாமல். எதிர்ப்பவன் வேலையைக் கொஞ்சம் கெடுத்து, அவனைக் கொஞ்சம் ஓரங்கட்டி, மனித குலத்தின் நன்மைக்காகவே. அது நல்லதா கெட்டதா என்று கதை தீர்ப்புச் சொல்வதில்லை. கால்வின் அதை வரவேற்கிறாள், நமக்குத்தான் முதுகு சில்லிடுகிறது. படம் அந்த யோசனையை எடுத்து அடிதடியாக்கியது. நாவலின் கேள்வியை எடுத்துவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை வைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதே வில் ஸ்மித், 2007இல் ‘ஐ ஆம் லெஜண்ட்’. ரிச்சர்ட் மேத்சன் 1954இல் எழுதியது. உலகமே நோயில் ரத்தக்காட்டேரியாகிவிட, மிஞ்சியிருக்கும் ஒரே மனிதன் நெவில் பகலில் தூங்குபவர்களைத் தேடித் தேடிக் கொல்கிறான். கடைசியில்தான் தெரிகிறது, நோயோடு வாழப் பழகிய ஒரு புது சமூகம் உருவாகிவிட்டது. அவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் பேய்க்கதையில் வரும் பேய் இவன்தான். இத்தனை நேரம் அரக்கன் யார் என்று நினைத்தோமோ அது தலைகீழாகிறது. அதற்காகத்தான் அந்த நாவலே. படத்தில் அவன் மருந்தைக் கண்டுபிடித்து, குண்டை வெடித்துத் தியாகியாகிறான். நாவலுக்கு நெருக்கமான முடிவு ஒன்றையும் படமாக்கித்தான் வைத்திருந்தார்கள். அது டிவிடியில் கிடைக்கிறது, தியேட்டருக்கு வரவில்லை. இதற்கு மேல் அந்தப் படத்துக்கு மை செலவழிக்க மாட்டேன்.

இதையெல்லாம் எழுதும்போது, அப்பா பைண்டு பண்ணி வைத்திருந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை நினைத்துக்கொண்டேன். விகடனிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காக்கி அட்டை போட்டுத் தைத்தது. பின்பக்கத்தில் பாதி ஜோக்கும் சோப்பு விளம்பரமும் இருக்கும். அதே கதை தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது, ரோபோ நாய் ஜீனோவின் குரல் இது இல்லை என்று நீ சண்டை பிடித்தாய். சுஜாதா ஜீனோவுக்கு வசனம் எழுதினார், குரல் கொடுத்தது நீதான். உன்னுடையது கீச்சென்று இருந்ததாம். என்னுடைய ஜீனோ கொஞ்சம் அலட்சியமாக, நம் தமிழ் வாத்தியார் மாதிரிப் பேசும். எந்த டைரக்டராலும் நம் இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் திருப்திப்படுத்தியிருக்க முடியாது. இந்த வகை ஏமாற்றத்தைச் சினிமாக்காரர்கள் கணக்கில் எழுதுவது சரியில்லை.

மாற்றம் எவ்வளவு நுணுக்கமாகக் கேள்வியைத் தொடும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் இருவருக்கும் பிடித்த ‘அரைவல்’, இதே வில்நெவ், 2016. மூலம் டெட் சியாங் 1998இல் எழுதிய ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ என்ற நெடுங்கதை. வேற்றுக்கிரகவாசிகளின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும் லூயிஸுக்கு எதிர்காலமும் நினைவு மாதிரித் தெரிய ஆரம்பிக்கிறது. இனிமேல் பிறக்கப்போகும் மகள் சாகப்போவதும் தெரிகிறது. படத்தில் மகள் பள்ளிக்கூட வயசில் தீராத நோயில் சாகிறாள். கதையில் அவள் 25 வயசில், பாறை ஏறப் போய் விழுந்து சாகிறாள். யோசித்துப் பார். நோய் என்றால் தாய் தெரிந்தும் ஒன்றும் செய்வதற்கில்லை, அழலாம். விபத்து என்றால் ‘இன்றைக்குப் போகாதே’ என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை ஏன் அவள் சொல்லவில்லை? சொல்ல முடியாதா, சொல்லத் தோன்றாதா, தெரிந்துகொள்வது என்பதே சொல்லாமலிருக்கச் சம்மதிப்பதா? சியாங்கின் கதை முழுக்க அந்த இடத்தில் நிற்கிறது.

அதற்கு அவர் ஒளியின் விதியைத் துணைக்கு அழைக்கிறார். காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி, போய்ச் சேர மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையில்தான் வளைகிறது என்பது ஃபெர்மாவின் விதி. சேரும் இடம் முன்னாலேயே தெரியாமல் அந்தப் பாதையை எப்படித் தேர்ந்தெடுக்கும்? பிளஸ் டூ பௌதிகத்தை வைத்துக்கொண்டு ஒரு தாயின் மனசைத் திறக்கிறார் மனுஷன். படத்தில் அந்த விதிக்கு இடமில்லை. பதிலுக்குச் சீனத் தளபதிக்கு ஒரு போன் கால் வருகிறது. இருந்தும் அந்தப் படத்தை நான் வெறுக்கவில்லை. எழுத்தைக் கற்றுக்கொள்ளும் காட்சிகளில், மைவட்டம் பனியில் விரிந்து எழுத்தாகும் அந்த அழகில், யோசிக்கும் சுகத்தைக் கண்ணுக்குக் காட்டிவிட்டார்.

இப்போது ‘சொலாரிஸ்’. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஸ்டானிஸ்லாவ் லெம் என்ற போலந்துக்காரர் 1961இல் எழுதியது. ஒரு கிரகம் முழுக்கச் சமுத்திரம், அந்தச் சமுத்திரம் ஏதோ ஒரு விதத்தில் உயிருள்ளது. விஞ்ஞானிகள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து நூலகம் நூலகமாக எழுதித் தள்ளியும் அது என்ன என்று யாருக்கும் புரியவில்லை. அதன் மேல் மிதக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறான் கெல்வின். தூங்கி எழுந்தால், தற்கொலை செய்துகொண்டு எப்போதோ செத்துப்போன ஹாரி, அவன் மனைவி, அறையில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஊசி குத்திய தடம்கூட இருக்கிறது. உடை மாற்ற வேண்டியிருக்கிறது. அவள் உடுப்பில் பொத்தான் இருக்கிறது, ஆனால் திறப்பே இல்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டும். சமுத்திரம் அவனுடைய ஞாபகத்திலிருந்து அவளைச் செய்திருக்கிறது. ஞாபகத்தில் உடுப்பின் நிறம் இருக்கும், அது எப்படித் திறக்கும் என்று இருக்காது. ஒரு உடுப்பை வைத்து இவ்வளவு பயமுறுத்திய எழுத்தாளரை நான் வேறு கண்டதில்லை.

ரஷ்ய இயக்குநர் தர்க்கோவ்ஸ்கி அதைப் படமாக்க வந்தபோது லெம் மாஸ்கோ போய் வாரக்கணக்கில் வாதாடினார். கடைசியில் அவரை முட்டாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். 1972இல் படம் வந்தது, கான் விழாவில் ஜூரியின் சிறப்புப் பரிசும் வாங்கியது. லெம் மசியவில்லை. இவர் எடுத்தது என் ‘சொலாரிஸ்’ இல்லை, ‘குற்றமும் தண்டனையும்’ என்றார். அவர் எழுதியது மனிதனின் அறிவுக்கு எட்டாத ஒன்றின் முன்னால் மனிதன் நிற்பதைப் பற்றி. தர்க்கோவ்ஸ்கி எடுத்தது செய்த பாவத்தின் முன்னால் மனிதன் நிற்பதைப் பற்றி. நாவலில் கதை பூமியில் நடப்பதே இல்லை. படம் பூமியில், அப்பா வீட்டுக் குளத்துப் பாசியும் குதிரையுமாக நிதானமாக ஆரம்பிக்கிறது. நடுவே டோக்கியோ நெடுஞ்சாலையில் கார் போய்க்கொண்டே, போய்க்கொண்டே இருக்கிறது. நாவலின் முடிவில் கெல்வின் சமுத்திரத்தின் கரையில் கையை நீட்டுகிறான். அலை வந்து கையுறையைச் சுற்றி, தொடாமல், ஒரு இழை இடைவெளி விட்டு நிற்கிறது. திரும்பத் திரும்ப நீட்டியதும் அலுத்துப்போய் விலகிவிடுகிறது. அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் பதில். படத்தின் முடிவில் மகன் அப்பாவின் காலைக் கட்டிக்கொள்கிறான், வீட்டுக்குள்ளே மழை பெய்கிறது.

என் தீர்ப்பு கேட்டால், லெம் கோபப்பட்டது முழுக்க நியாயம். படமும் மகத்தான படம். தர்க்கோவ்ஸ்கி லெம்முடைய கேள்வியை எடுத்துவிட்டார், ஆனால் அந்த இடத்தில் அதே கனத்தில் வேறொன்றை வைத்தார். நாவல் பறிபோனது என்று துக்கப்படலாம், ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2002இல் ஸ்டீவன் சோடர்பர்க், ஜார்ஜ் க்ளூனியை வைத்து மறுபடி எடுத்தார். சமுத்திரம் ஏறக்குறையத் திரைச்சீலையாகிவிட்டது, கணவன் மனைவி மட்டும் மிஞ்சினார்கள். விண்வெளிக் காதல் கதை எழுத நினைத்திருந்தால் நான் தலைப்பையும் அப்படித்தான் வைத்திருப்பேன் என்ற பொருளில் லெம் ஒரு குத்துக் குத்தினார். அந்தப் படத்தில் நடிப்பு நன்றாகவே இருக்கும். கேள்விதான் சின்னது.

இதே தர்க்கோவ்ஸ்கி, ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் ‘ரோட்சைட் பிக்னிக்’கை 1979இல் ‘ஸ்டாக்கர்’ ஆக்கினார். வேற்றுக்கிரகவாசிகள் வழியில் இறங்கி, தின்றுவிட்டுப் போட்டுப் போன குப்பையில் மனிதர்கள் உயிரை விடுகிறார்கள் என்பது நாவல். படத்தில் அந்தக் குப்பையும் இல்லை, விசித்திரப் பொருள்களும் இல்லை. துணி கட்டிய நட்டை எறிந்து வழி பார்ப்பது மட்டும் மிச்சம். அந்தத் திரைக்கதையைச் சகோதரர்களே உட்கார்ந்து, சலிக்காமல் திருப்பித் திருப்பி எழுதிக் கொடுத்தார்கள். லெம்மைப் போல் சண்டை போடவில்லை. எழுத்தாளர்களிலும் ரகம் ரகமாக இருக்கிறார்கள். ‘பிளேடு ரன்னர்’ பற்றியும் கேட்டிருந்தாய். பிலிப் கே. டிக்கின் நாவலில் இருந்த ஆடு, மதம், மனைவி எல்லாம் போய்விட்டது. எது மனிதன் என்ற கேள்வி போகவில்லை. அதனால்தான் யாரும் பெரிதாக அழவில்லை.

கூரியரில் ‘சொலாரிஸ்’ அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது ‘ட்யூன்’ படத்துக்கும் வில்நெவ் இறங்கிவிட்டார். அது வருவதற்குள் ‘மெசையா’வையும் படித்து முடி. லெம்மில் நடு அத்தியாயங்களில் சமுத்திர ஆராய்ச்சியின் சரித்திரம் பக்கம் பக்கமாக வரும். கதை நகரவில்லையே என்று தாண்டிப் போகாதே. எந்தப் படத்துக்கும் அகப்படாத பாகம் அதுதான். தர்க்கோவ்ஸ்கியை அதற்குப் பிறகு பார். கொஞ்ச நாள் இடைவெளி விட்டுப் பார், டிக் அடிக்கும் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பார். பார்த்த பிறகு என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் நேரில் வா, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா